எல்லா வலியும் செல் துண்டின் வலி அல்ல

அம்பிட்டியவில் நான் வாடகைக்கு இருக்கும் மேல்மாடி வீட்டுக்கு ஏற 31 படிகள். என் சித்தியின் மகன் கண்டியில் படிக்கவென்று வந்து என்னோடு தங்கியிருக்கிறான். இரண்டு வருடங்களாக அந்தப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டித்தான் ஏறுவான். இந்த வருடம் மாசி மாதமளவில் பாதியில் ஒருக்கா நின்று, மூச்சு வாங்குவது போலப் பாவனை செய்துவிட்டு ஏறத் தொடங்கினான். அவனுக்கு மூச்சில் பிரச்சினை இல்லை. இடது முழங்காலுக்கு மேலே நொந்தது.

“என்னடா?” என்று கேட்டேன்.

“ஒண்டுமில்லை அக்கா. செல் துண்டு. இந்தக் குளிருக்குக் குத்துது.”

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வன்னியிலிருந்து வந்த ஒவ்வொரு குடும்பத்திலும் மழை வரும்போது குத்துகிற ஒரு துண்டு யாரோ ஒருவரின் உடம்பில் இருக்கிறது. அதை நாங்கள் நோயாகக் கணக்கில் எடுப்பதில்லை.

2009 பங்குனியில் புதுமாத்தளனில் அவனுக்கு 6 வயது. சித்தப்பா இறந்த அதே செல்லில் அவனுக்கு இடது தொடையில் காயம். செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் சித்தி அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். தொடையின் மேற்பகுதியில் ஆழத்தில் இருந்த ஒரு துண்டை எடுத்தால் சேதம் கூடும் என்று வைத்தியர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் காலில் வருகிற எந்த நோவுக்கும் எங்கள் வீட்டில் ஒரே பெயர்தான்.

மாசியிலிருந்து ஆனி வரை, அந்த ஒரு பெயரை நம்பி ஐந்து மாதங்கள் போயின. இடையில் சித்தி ஊரிலிருந்து எண்ணெய் அனுப்பினார். நான் பரசிற்றமோல் வாங்கிக் கொடுத்தேன். ஆனி மாதம் ஓர் இரவு, வலியில் தூங்க முடியாமல் அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைக் கண்டேன். விளக்கைப் போட்டுப் பார்த்தால் முழங்காலுக்குச் சற்று மேலே வீங்கி, தோல் மினுங்கியது. தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. செல் துண்டு இருந்த இடம் அதற்கு ஒரு சாண் மேலே.

மறுநாள் எக்ஸ்ரே எடுத்தோம். மூன்று வாரங்களுக்குப் பிறகு, அரச வைத்தியசாலையொன்றின் கிளினிக்கில், ஒஸ்டியோசார்கோமா என்று சொன்னார்கள். எலும்பில் தொடங்கும் புற்றுநோய்.

வருகிற திங்கட்கிழமை அவனுக்கு முதலாவது கீமோ. இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னது அவன்தான். பெயர் போடக்கூடாது, படமும் போடக்கூடாது, மற்றதெல்லாம் எழுதலாம் என்றான். “எங்கட ஆக்களுக்கு இது தெரிய வேணும். நாங்கள் எல்லாத்தையும் செல் துண்டில போடுறம்” என்பது அவன் சொன்ன காரணம்.

இது என்ன நோய்?

ஒஸ்டியோசார்கோமா அரிதான நோய். ஆனால் எலும்பிலேயே தொடங்கும் புற்றுநோய்களில், பிள்ளைகளிடமும் இளைஞர்களிடமும் அதிகம் காணப்படுவது இதுதான். 10 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், எலும்பு வேகமாக வளரும் காலத்தில், வளர்ச்சி அதிகமாக நடக்கும் இடங்களில் வருகிறது. முழங்காலைச் சுற்றித்தான் கூடுதலாக வரும்: தொடை எலும்பின் கீழ் முனை, அல்லது கணைக்கால் எலும்பின் மேல் முனை. அடுத்தது தோள்மூட்டுக்கு அருகே கையெலும்பின் மேல் முனை.

முதலில் தெரியும் அடையாளம் நோவுதான். தொடக்கத்தில் வந்து வந்து போகும். பிறகு நிற்காது. ஓய்வெடுத்தாலும் குறையாது. இரவில் எழுப்பும். சில வாரங்களிலோ மாதங்களிலோ வீக்கம் தெரியும். இந்த வயதில் விளையாட்டில் விழுவதும் அடிபடுவதும் சாதாரணம் என்பதால், உலகம் முழுவதிலும் இந்த நோவு முதலில் வேறொரு காரணத்தின் தலையில்தான் போடப்படுகிறது. உதைபந்தாட்டத்தில் பட்ட அடி, வளர்கிற வயதின் நோவு, சுளுக்கு என்று சொல்வார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியலில் இன்னொன்று கூடுதலாக இருக்கிறது.

வீக்கத்துக்கு எண்ணெய் போட்டு உருவுவது எங்கள் பழக்கம். காரணம் தெரியாத எலும்பு வீக்கத்தை அழுத்தி உருவக்கூடாது என்று வைத்தியர் சொன்னபோது சித்தி தலையைக் குனிந்துகொண்டார். “உங்களுக்குத் தெரிந்திருக்க முடியாது அம்மா” என்றார் அவர். அந்த ஒரு வசனத்துக்காக நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ரெரி ஃபொக்ஸின் முழங்கால்

செய்தி கேட்ட அன்று இரவு ரொரன்ரோவிலிருந்து மாமா அழைத்தார். வழமையாக அழுவார் என்று பயந்தேன். அவர் அழவில்லை. “ரெரி ஃபொக்ஸுக்கு வந்த அதே வருத்தம்தான். அவரைப் பற்றி வாசி” என்றார். கனடாவில் இருக்கும் எங்கள் ஆட்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு புரட்டாதியிலும் பள்ளிக்கூடத்தில் அவர் பெயரால் ஓடுகிறார்கள். எனக்கு அவர் ஓடினார் என்பது மட்டும்தான் தெரியும். வாசித்தபோதுதான் அந்தக் கதை தொடங்கும் இடம் எங்களுடையதைப் போலவே இருக்கக் கண்டேன்.

ரெரி ஃபொக்ஸ் 1958இல் பிறந்தவர். கனடாவின் மேற்குக் கரையில் போர்ட் கொக்கிட்லம் என்ற இடத்தில் வளர்ந்த கூடைப்பந்தாட்ட வீரர். 1976 நவம்பரில் அவர் ஓட்டிச் சென்ற கார் இன்னொரு வாகனத்தோடு மோதியது. வலது முழங்காலில் மட்டும் சிறிய அடி. அடுத்த மாதம் அதே முழங்கால் நோகத் தொடங்கியது. விபத்தில் பட்ட அடிதான் என்று எண்ணி, விளையாட்டுப் பருவம் முடியும்வரை பொறுத்துக்கொண்டார். 1977 மார்ச்சில் தாங்க முடியாமல் வைத்தியசாலைக்குப் போனபோது ஒஸ்டியோசார்கோமா என்றார்கள். அவருக்கு அப்போது 18 வயது.

விபத்துதான் தன் முழங்காலைப் பலவீனமாக்கி நோய்க்கு இடம்கொடுத்தது என்று அவர் நம்பினார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள்.

காலை முழங்காலுக்கு மேலே அகற்றவேண்டும், பிறகு கீமோ, உயிர் பிழைக்க வாய்ப்பு 50 சதவீதம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. இரண்டு வருடங்களுக்கு முன்பு வந்திருந்தால் அந்த வாய்ப்பு 15 சதவீதமாகவே இருந்திருக்கும் என்பதையும் அறிந்துகொண்டார். இடைப்பட்ட காலத்தில் நடந்த ஆராய்ச்சிதான் வித்தியாசம். பின்னாளில் அவர் ஆராய்ச்சிக்காகவே பணம் சேர்த்ததற்கு இது ஒரு காரணம்.

சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் இரவு, அவருடைய பாடசாலைப் பயிற்றுநர் ஒரு சஞ்சிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு காலை இழந்தவர் நியூயோர்க் மரதனில் ஓடிய செய்தி அதில் இருந்தது. மூன்று வாரங்களுக்குள் ரெரி செயற்கைக் காலில் நடந்தார். 16 மாதங்கள் கீமோ எடுத்தார். 1980 ஏப்ரல் 12ஆம் திகதி கனடாவின் கிழக்கு முனையில் சென் ஜோன்ஸ் நகரத்திலிருந்து ஓடத் தொடங்கி, நாளொன்றுக்கு ஒரு மரதன் தூரம் என்ற அளவில் 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடினார். செப்டெம்பர் 1ஆம் திகதி நெஞ்சு நோவும் இருமலும் வந்து நிறுத்த வேண்டியதாயிற்று. புற்றுநோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. 1981 ஜூன் 28ஆம் திகதி, 23 வயதாக ஒரு மாதம் இருக்கும்போது இறந்தார். அதற்கு முன்பே, ஒவ்வொரு கனேடியரிடமும் ஒரு டொலர் என்று அவர் கேட்ட தொகை, 2 கோடி 40 இலட்சம் டொலருக்கு மேல், சேர்ந்துவிட்டது.

இதைத் தம்பிக்குச் சொல்வதா என்று யோசித்தேன். முடிவு சாவு அல்லவா? ஆனால் அவன் ஏற்கெனவே தன் கைபேசியில் வாசித்துவிட்டிருந்தான். “அக்கா, அந்தாளுக்கு 77ஆம் ஆண்டு 50 சதவீதம். இப்ப எவ்வளவு?” என்றுதான் கேட்டான்.

இப்போது, நோய் வேறிடங்களுக்குப் பரவியிருக்காத நிலையில் பிடிபட்டால், பத்துப் பேரில் ஆறு, ஏழு பேர் ஐந்து வருடங்களைத் தாண்டி வாழ்கிறார்கள். நுரையீரலுக்குப் போயிருந்தால் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறையும். அதனால்தான் மாதக் கணக்கு முக்கியமாகிறது. இன்னொரு மாற்றமும் உண்டு. ரெரியின் காலத்தில் காலை அகற்றுவதே வழமை. இன்று முழுமையான சிகிச்சை வசதியுள்ள நிலையங்களில் பெரும்பாலானோருக்கு, நோயுள்ள எலும்புத் துண்டை மட்டும் எடுத்து, அந்த இடத்தில் உலோக மூட்டைப் பொருத்திக் காலைக் காப்பாற்றுகிறார்கள். இரத்தக்குழாயையும் நரம்பையும் கட்டி சுற்றிப் பிடித்திருந்தால் மட்டும் அகற்றல் தவிர்க்க முடியாததாகிறது.

தம்பியின் கால் எந்தப் பக்கம் போகும் என்று இன்னும் சொல்லவில்லை. முதல் சுற்றுக் கீமோவுக்குப் பிறகுதான் தெரியும். அவனுடைய நெஞ்சு ஸ்கானில் ஒன்றுமில்லை.

“செல் துண்டுதானே காரணம்?”

சித்தி முதலில் கேட்ட கேள்வி இது. ஊரில் எல்லோரும் கேட்பதும் இதைத்தான்.

வைத்தியரின் பதில்: அடிபட்டதாலோ காயம்பட்டதாலோ இந்தப் புற்றுநோய் உண்டாவதாக நிறுவப்படவில்லை. அடிபட்ட இடத்தைப் படம் எடுக்கும்போது, ஏற்கெனவே இருந்த நோய் கண்ணில் படுவது உண்டு. வேறு நோய்க்காக முன்பு கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும், சில பரம்பரை மரபணுக் கோளாறுகள் உள்ள குடும்பங்களுக்கும் ஆபத்து அதிகம். மற்றப்படி பெரும்பாலானோருக்கு ஏன் வந்தது என்று சொல்ல முடியாது.

“சொல்ல முடியாது” என்ற பதிலை எங்கள் ஆட்கள் ஏற்பது கடினம். நாங்கள் நிறையக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காதவர்கள். 2015 ஐப்பசியில் தமிழினி மகரகமவில் புற்றுநோயால் இறந்தார். அடுத்த வருடம், புனர்வாழ்வு பெற்ற போராளிகளுக்குப் போடப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஊசிகளைப் பற்றிய சந்தேகம் வடக்கு முழுவதும் பேசப்பட்டது. அந்தச் சந்தேகத்துக்கு நம்பத்தகுந்த விசாரணை கேட்பது எங்கள் உரிமை. ஆனால், அந்தப் பேச்சு ஒரு வீட்டில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் நான் கண்டேன். உறவினர் ஒருவர் தொலைபேசியில், “அவங்கட ஆஸ்பத்திரியில மருந்து ஏத்த விடாதேங்கோ” என்றார். சித்தி அன்று சாப்பிடவில்லை. தம்பிதான் தொலைபேசியை வாங்கி, “மாமி, நான் இங்க படிக்கிறன். எனக்கு இவங்களைத் தெரியும். நீங்கள் கும்பிடுங்கோ, காணும்” என்று சொல்லி வைத்தான்.

பஸ்ஸிலிருந்து திரும்பிப்போன நாள்

நோயைப் படம்பிடிக்க எம்.ஆர்.ஐ. ஸ்கான் தேவை. கட்டி எலும்புக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, நரம்பையும் இரத்தக்குழாயையும் தொட்டிருக்கிறதா என்பதை அதில்தான் தெளிவாகப் பார்க்கலாம். அதற்கு முன்பு ஒரு படிவம் நிரப்பவேண்டும். உடம்பில் உலோகம் ஏதும் இருக்கிறதா என்பது அதிலுள்ள முக்கியமான கேள்விகளில் ஒன்று. தம்பி நிரப்பிய படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. இரண்டும் அவனுக்கு வாசிக்கத் தெரியும்.

திகதி வாங்கிக்கொண்டு வந்து, கண்டியிலிருந்து தலாத்துஓயா போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். வாவியைத் தாண்டும்போது சும்மா கேட்டேன்.

“செல் துண்டைப் பற்றி என்ன எழுதினனீ?”

அவன் யன்னலுக்கு வெளியே பார்த்தான். “இல்லை என்று போட்டனான்.”

“தழும்பைப் பற்றிக் கேட்கேல்லையா?”

“விபத்து என்றனான்.”

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும் அப்படித்தான் வளர்ந்தவள். பாடசாலை அனுமதி, வேலைக்கான நேர்முகம், வாடகை வீடு என்று எங்கு போனாலும், 2009இல் எங்கே இருந்தாய் என்ற கேள்வி வராத வழியாகவே நாங்கள் பேசப் பழகியிருக்கிறோம். 6 வயதில் காயப்பட்ட பிள்ளைக்கு மறைக்க எதுவும் இல்லை. ஆனாலும் மறைக்கிறான். அதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்களைப் பார்த்துப் பழகியிருக்கிறான்.

அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பிப்போனோம்.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் என்பது மிகப் பலமான ஒரு காந்தம். உடம்பிலுள்ள இரும்புத் துண்டை அது இழுக்கலாம், அசைக்கலாம், சூடாக்கலாம். கண்ணுக்கு அருகில், முள்ளந்தண்டுக்கு அருகில், பெரிய இரத்தக்குழாயை ஒட்டித் துண்டு இருந்தால் பெரும் ஆபத்து. ஆனால், துண்டு இருக்கிற எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. மறுக்கப்படுவதில்லை. முதலில் எக்ஸ்ரேயோ சி.ரி. ஸ்கானோ எடுத்து, துண்டு எங்கே, எவ்வளவு பெரிது என்று கதிரியல் வைத்தியர் பார்த்து முடிவெடுப்பார். சிலருக்கு வேறு வகை ஸ்கானுக்கு மாற்றுவார்கள். தம்பியின் முழங்காலை எடுத்த எக்ஸ்ரேயில் தொடையின் மேற்பகுதி வரவில்லை. நாங்கள் சொல்லாவிட்டால் அந்தத் துண்டைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அங்கே பணியில் இருந்தவர் ஒரு சிங்கள இளைஞர். தம்பி சிங்களத்தில் சொன்னான்: யுத்தத்தில், செல், சின்ன வயதில். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். பிறகு அந்தப் படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதியதொன்றை எடுத்தார். “இதைச் சொன்னது நல்லது” என்று மட்டும் சொன்னார். தொடையைப் புதிதாக எக்ஸ்ரே எடுத்து, கதிரியல் வைத்தியர் பார்த்து, ஸ்கான் எடுக்கலாம் என்று முடிவானது. துண்டு இருக்கும் இடத்தில் படம் கொஞ்சம் கலங்கியிருக்கிறது. முழங்கால் பக்கம் தெளிவாக வந்தது.

உங்கள் உடம்பில் துண்டு இருந்தால், இருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் இருந்தாலும்கூட, ஒவ்வொரு ஸ்கானுக்கும் ஒவ்வொரு சத்திரசிகிச்சைக்கும் முன்பு சொல்லுங்கள். எந்த வருடம், எந்த இடம், யார் பக்கம் என்று அவர்கள் கேட்கப்போவதில்லை. உடம்பில் எங்கே இருக்கிறது என்பதுதான் அவர்களுக்கு வேண்டும்.

மருந்து ஏறுவதற்கு முன்பு

கீமோ என்றால் வைத்தியசாலைக்குப் போய்ப் படுத்து மருந்து ஏற்றுவது என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு முந்தைய வாரங்களில் நடப்பவைதான் அதிகம்.

முதலாவது, பயொப்சி. கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்துச் சோதிக்காமல் சிகிச்சை தொடங்கமாட்டார்கள். “ஊசி குத்தினால் பரவும்” என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு: ஊசி போன வழியையும் பின்னர் கட்டியோடு சேர்த்து அகற்றவேண்டும். ஆகவே, சத்திரசிகிச்சை செய்யப்போகும் குழுவே பயொப்சியையும் செய்வது, அல்லது அவர்கள் திட்டமிட்டுக் கொடுப்பது நல்லது. அவசரப்பட்டு வேறெங்காவது வெட்டுவிக்கக்கூடாது.

இரண்டாவது, உடம்பு மருந்தைத் தாங்குமா என்ற சோதனைகள். இந்த நோய்க்கு வழமையாகக் கொடுப்பவை டொக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின், மெதோட்ரெக்ஸேட் என்ற மருந்துகள். முதலாவது இதயத்தைப் பாதிக்கக்கூடும். அதனால் எக்கோ எடுத்தார்கள். இரண்டாவது செவியையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். செல் சத்தத்தில் செவி பாதிக்கப்பட்டவர்கள் எங்களில் பலர். செவிப் பரிசோதனையின்போது அதையும் சொல்லவேண்டும். மூன்றாவது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறவேண்டும். அதனால் இரத்தப் பரிசோதனைகளும், நிறையத் திரவம் ஏற்றுவதும். பல்லில் சொத்தை இருந்தால் முன்பே பார்த்துவிட வேண்டும். கீமோவில் வாய் புண்ணாகும்போது கெட்ட பல் கிருமிக்கு வாசலாகிவிடும்.

வழமையான ஒழுங்கு இப்படி: சுமார் 10 வாரம் கீமோ, பிறகு சத்திரசிகிச்சை, பிறகு மீண்டும் சில மாதங்கள் கீமோ. எல்லாம் சரியாகப் போனால் எட்டு ஒன்பது மாதங்கள். அகற்றிய எலும்பைச் சோதித்து, முதல் கீமோவில் கட்டி எவ்வளவு செத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அதுவரை நோயுள்ள காலில் பாரம் போடக்கூடாது. அந்த எலும்பு உள்ளே அரிக்கப்பட்டிருப்பதால் சாதாரணமாகத் தடுக்கினாலே உடையலாம். உடைந்தால் காலைக் காப்பாற்றுவது இன்னும் கடினமாகும். தம்பி இப்போது ஊன்றுகோலில்தான் நடக்கிறான். 31 படிகள் அவனுக்குச் சரிவராது என்று கீழே இருக்கும் வீட்டுக்கார அம்மா தன் முன்னறையை ஒழித்துத் தந்துவிட்டார். வாடகை பற்றிக் கேட்டபோது கையை மட்டும் அசைத்தார்.

மூன்றாவது விடயம், நான் அவனிடம் வாயால் சொல்ல முடியாதது. இந்த மருந்துகள் பிற்காலத்தில் பிள்ளை பிறப்பதைப் பாதிக்கக்கூடும். ஆண் என்றால், மருந்து தொடங்குவதற்கு முன்பு விந்தணுவைச் சேமித்து வைக்கலாம். ஓரிரு நாட்களில் முடியும் காரியம். மருந்து தொடங்கிய பிறகு அந்த வாய்ப்புக் கைநழுவிப்போகலாம். பெண் என்றால் முட்டையைச் சேமிக்க இன்னும் சில நாட்கள் தேவைப்படும். ஆகவே இன்னும் முந்திக் கேட்கவேண்டும். இலங்கையில் தனியார் கருத்தரிப்பு நிலையங்கள் சிலவற்றில் பணம் கட்டிச் செய்கிறார்கள். சித்திக்கு இதைப் பேசவே முடியாது. எனக்கும் வாய் வரவில்லை. ஒரு தாளில் எழுதி, “இதை டொக்டரிட்டக் கேள்” என்று சட்டைப்பையில் வைத்துவிட்டேன். அவன் கேட்டான். வைத்தியர் கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் பேசினாராம். அவன் என்ன முடிவெடுத்தான் என்பது அவனுடைய விடயம். கேட்கிற வாய்ப்பு அவனுக்குக் கிடைத்ததே போதும் எனக்கு.

நான்காவது, காய்ச்சல். மருந்து ஏறி ஒன்று, இரண்டு வாரங்களில் இரத்தத்தில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் என்றால், அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. நடு இரவானாலும் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். “பரசிற்றமோல் போட்டுவிட்டுக் காலையில் பார்ப்பம்” என்பது உயிரை எடுக்கும். மருந்து காய்ச்சலை மறைத்துவிடும், கிருமி உள்ளே வேலை செய்யும். ஒரு வெப்பமானி வாங்கினோம். இரவில் வரக்கூடிய முச்சக்கரவண்டிக்காரர் இருவரின் இலக்கங்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். கொதித்தாறிய நீர், வீட்டில் சமைத்த சூடான சாப்பாடு. ஊரிலிருந்து வரும் மூலிகைக் கஷாயம் எதுவென்றாலும் வைத்தியரிடம் காட்டாமல் குடிக்கக்கூடாது. சில மூலிகைகள் ஈரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பாதிக்கும்.

மொழியும் பணமும்

1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. கிளினிக் வரிசையில் நிற்கும் சித்திக்கு அதனால் கிடைத்தது, பலகைகளில் உள்ள தமிழ். பேசுகிறவர்களிடம் அல்ல. ஒரு வைத்தியசாலை ஒன்றரை நிமிடத்தில் சொன்ன விடயத்தை நான் வீட்டில் ஒன்றரை மணித்தியாலம் விளக்கினேன். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது: மொழிபெயர்க்கிறவர் கெட்ட செய்தியை மெதுவாக்கிவிடுவார். நானும் ஒரு நாள் செய்தேன். “கால் போகலாம்” என்று அவர்கள் சொன்னதை “காலைக் காப்பாற்றப் பார்ப்பினம்” என்று சொல்லிவிட்டேன். தம்பிக்குச் சிங்களம் விளங்கும். வெளியே வந்து, “அக்கா, அம்மாவுக்கு முழுக்கச் சொல்லுங்கோ. பிறகு திடீரென்று தெரிஞ்சால் தாங்கமாட்டா” என்றான். சொன்னேன். சித்தி அழவில்லை. “கால் இல்லாமல் எத்தனை பேர் எங்கட ஊரில நடக்கினம்” என்றார்.

அது உண்மைதான். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கிவரும் ஜெய்ப்பூர் நிலையத்தின் செயற்கைக் கால்களோடு வயல் செய்கிறவர்களையும் சைக்கிள் ஓடுகிறவர்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த அனுபவம் தனக்குக் கைகொடுக்கும் என்று சித்தி நினைத்திருக்க மாட்டார்.

கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நோயின் பெயரையும் மருந்துகளின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பி, பயொப்சி அறிக்கை, ஸ்கான் தட்டுகள் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். இடம்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்த எங்களுக்கு இதை யாரும் சொல்லத் தேவையில்லை.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் காத்திருக்க முடியாத சில பரிசோதனைகளை வெளியே செய்யவேண்டி வரும். போக்குவரத்து, சாப்பாடு, துணைக்கு நிற்பவரின் சம்பள இழப்பு எல்லாம் நோயாளியின் வீட்டுச் செலவு. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு இப்போது பிரதேச செயலகம் ஊடாகவே விண்ணப்பிக்கலாம். கொழும்புக்கு ஓடத் தேவையில்லை.

வடக்கில் இருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் மகரகமவுக்கு ஓடிய காலமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2011 ஜூலையில் தெற்கே தேவேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை, 27 நாட்களில் சுமார் 670 கிலோமீற்றர் நடந்து சேர்த்த பணத்தில் தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலை கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. போர் முடிந்து இரண்டு வருடங்களில், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அந்த வீதியில் ஒன்றாக நடந்தார்கள். எலும்புப் புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சை போன்றவற்றுக்கு இன்னும் பெரிய நிலையங்களுக்குத்தான் போகவேண்டும். ஆனால் சந்தேகத்தைத் தீர்க்கவும், வழி கேட்கவும் அருகிலேயே இடம் இருக்கிறது.

திங்கட்கிழமை

பை கட்டியாயிற்று. வெப்பமானி, மென்மையான பல்துலக்கி, சாரம் இரண்டு, கைபேசிச் சார்ஜர், கொப்பி. தலைமுடி கொட்டும் என்று அவனே நேற்றுக் கண்டி டவுனில் போய் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தான். சித்தி பார்த்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்துத் தேத்தண்ணியோடு வந்து, “காது பெரிசாத் தெரியுது” என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

அந்த ஐந்து மாதங்களைப் பற்றி நான் வைத்தியரிடம் தனியாகக் கேட்டேன். முந்தி வந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்குமா என்று. அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. “இப்போது வந்திருக்கிறீர்கள். நுரையீரலில் இல்லை” என்றார். அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காலோ கையோ ஒரே இடத்தில் இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் நொந்தால், இரவில் அந்த நோவு எழுப்பினால், வீக்கம் தெரிந்தால், எக்ஸ்ரே எடுங்கள். பழைய காயம் உள்ள காலென்றாலும் எடுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அந்தப் படத்தில் செல் துண்டு மட்டும் தெரிந்தால், அன்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கலாம்.